கொப்புளக் கணக்கு

அன்று மத்தியானம் நத்தம் தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்தவர்கள் மொத்தம் ஒன்பது பேர்: சத்துணவுக் கூடத்தில் சமைக்கிற பஞ்சவர்ணம், அவள் பக்கத்து வீட்டுக்காரி தனபாக்கியம், தபால்காரர் இருளாண்டி, காரைக்குடி ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நிற்கிற சுகந்தி, புரோட்டா மாஸ்டர் நல்லதம்பி, மினி பஸ் கண்டக்டர் முத்துக்கருப்பன், கொத்தனார் வீரணன், செல்போன் பழுது பார்க்கிற கார்த்திகைச்சாமி, கடைசியாக சோணைமுத்து என்கிற நான். நான் ஐந்தாவது வரை படித்து, அரிசி ஆலையில் முப்பத்தொரு வருஷம் மூட்டை எண்ணியவன். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கிற எங்கள் கூட்டத்தில் வாலாக நடந்து, நிற்கிற இடத்திலெல்லாம் தலை எண்ணுவது என் வேலை. ஒன்பது தலை, பதினெட்டுக் கால். ஒரு நாயும் வந்து போனது, அதைச் சேர்க்கவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லாரும் வரிசையாகக் காலை நீட்டி உள்ளங்காலைக் காட்ட வேண்டும், பஞ்சவர்ணம் ஒவ்வொரு காலாகப் பார்த்துக்கொண்டே வந்து, இதற்கு எண்ணெய், இதற்கு ஊசியில் நூல் கோத்து விடு, இதைத் தொடாதே என்று சொல்லிக்கொண்டே போவாள். இருபத்திரண்டு வருஷம் விடாமல் நடந்தவள் என்பதால் அவள்தான் எங்களுக்குக் குருசாமி. காலையில் புறப்படும்போது எட்டுப் பேரும், அவளைவிடப் பதினான்கு வயது மூத்த நான் உட்பட, அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் அடி வைப்போம். தொடுவது மேல்பாதத்தை. குருசாமியின் உள்ளங்காலைத் திருப்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்று யாரோ எப்போதோ சொல்லிவைத்திருந்தார்கள், நாங்களும் இருபத்திரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை.

பார்த்திருக்க வேண்டும். பஞ்சவர்ணத்துக்குச் சர்க்கரை இருந்தது. பாதத்தில் உணர்ச்சி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. காலில் ஒரு புண் வந்து கவனிக்காமல் விட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதெல்லாம் அன்றைக்கு எங்களில் தனபாக்கியம் ஒருத்திக்கு மட்டும்தான் தெரியும், அவளிடமும் பஞ்சவர்ணம் முருகன் பெயரால் சத்தியம் வாங்கியிருந்தாள்.

அந்த வருஷம் ரோடு புதிது. தார் காய்ந்தும் ஜல்லி அடங்காமல் முள்மாதிரி நின்றது. அதனால் இரண்டாம் நாள் மத்தியானத்திலேயே கால்கள் கெட்டிருந்தன. நான் எண்ணினேன்: தனபாக்கியத்துக்கு நான்கு, இருளாண்டிக்கு ஒன்று, சுகந்திக்கு ஒன்பது, நல்லதம்பிக்கு ஆறு, முத்துக்கருப்பனுக்கு ஐந்து, வீரணனுக்கு இரண்டு, கார்த்திகைச்சாமிக்கு எட்டு, எனக்கு மூன்று. ஆக முப்பத்தெட்டுக் கொப்புளம்.

சுகந்திக்கு அதுதான் முதல் நடை. அவள் காலை நீட்டிக்கொண்டு அழுதாள், நத்தத்துக்குத் திரும்பி பஸ் ஏறிவிடுகிறேன் என்றாள். பஞ்சவர்ணம் அவள் குதிகாலைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

“ஏத்தா, நீ காலையில இருந்து கருப்பு மேலயே நடக்குற. ரோட்டு ஓரத்துல வெள்ளைக் கோடு போட்டுருக்கான்ல, அது மேல நட. வெள்ளை அம்புட்டுச் சூடு வாங்காது.”

“அப்படியாக்கா? எனக்குத் தெரியவே தெரியாதே” என்றாள் சுகந்தி. அவள் அப்படிச் சொல்லி முடிக்கவும், குதிகாலில் புளியங்கொட்டை அளவுக்கு இருந்த கொப்புளம் இல்லாமல் போனது. உடையவில்லை, தண்ணீர் ஒழுகவில்லை, தோல் சுருங்கவில்லை, பிறந்ததிலிருந்து நடக்காத கால்போல அந்த இடம் வழவழப்பாக இருந்தது.

“போயிருச்சுக்கா.”

“போகும்ல” என்றாள் பஞ்சவர்ணம், அடுத்த காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு.

அப்புறம் சாப்பாடு ஆறியது. முத்துக்கருப்பன் காலை நீட்டிக்கொண்டு முன்னால் வந்தான், எனக்கும் ஒன்னு சொல்லுங்கக்கா என்றான். ஜல்லி கிடக்கும் இடத்தில் முன்பாதத்தை மட்டும் ஊன்றாதே, யானை வைக்கிறமாதிரி முழுப் பாதத்தையும் ஒரே சமயத்தில் வை என்றாள், அவனுக்கு ஒன்று போனது. நின்றவுடனே சூட்டுக் காலில் தண்ணீர் ஊற்றாதே, மூச்சு நிதானப்பட்ட பிறகு ஊற்று என்றாள், நல்லதம்பிக்கு ஒன்று போனது. தாகம் எடுத்தபிறகு குடிக்காதே, நிழல் கண்ட இடத்தில் குடி என்றாள், அது எல்லாருக்கும் ஏற்கெனவே தெரியும், அதனால் யாருக்கும் ஒன்றும் போகவில்லை. இப்படித்தான் அதன் சட்டம் எங்களுக்குப் பிடிபட்டது. கேட்கிறவனுக்கு அது புதுசாக இருக்க வேண்டும். ஒரு சேதிக்கு ஒரு கொப்புளம். தெரிந்ததையே தெரியாதமாதிரி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டால் நடக்காது, கார்த்திகைச்சாமி மூன்று தடவை முயற்சி செய்து பார்த்துவிட்டான்.

ஏன் இப்படி நடக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. பாதயாத்திரையில் நடப்பவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. போகிற வழியில் யாரோ முகம் தெரியாதவர் மோர் கொடுக்கிறார், யாரோ காலில் வெந்நீர் ஊற்றுகிறார், அதேபோல இதுவும் வந்தது என்று வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் திண்டுக்கல் தாண்டும்வரை நாங்கள் நடந்தது ஒரு பள்ளிக்கூடமே நடந்து போனதுபோல இருந்தது. பஞ்சவர்ணம் முன்னால் பேசிக்கொண்டே போக, ஏழு பேர் அவளைச் சூழ்ந்து காதை நீட்டிக்கொண்டு போக, வெந்நீர் கொடுக்கிற பந்தல்காரர்கள், என்னப்பா உங்க ஆளுங்க காலில் ஒன்னும் இல்லையே என்று கேட்க, நான் பின்னால் ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தேன். இறக்கத்தில் நேராக இறங்காமல் பக்கவாட்டில் இறங்கு. எதிர்காற்று அடித்தால் தடித்த ஆளுக்குப் பின்னால் நட. மைல்கல்லைப் பார்க்காதே, அதற்கு அடுத்த மரத்தைப் பார். படுக்கும்போது பையைத் தலைக்கு வைக்காதே, காலுக்கு வை. எனக்கு இருந்த மூன்றும் போயின. நானும் சந்தோஷமாகத்தான் நடந்தேன், இல்லை என்று சொன்னால் பொய்.

தேவகோட்டைக் கூட்டத்து ஆட்கள் ஆறு பேர் விஷயம் கேள்விப்பட்டு வந்து நின்றார்கள். ஆளுக்கு ஒரு சேதி, ஆளுக்கு ஒரு கொப்புளம். பஞ்சவர்ணத்தின் முகம் கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவள் முகம்போல இருந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் எட்டுப் பேர் காலிலும் ஒன்றுகூட மிச்சம் இல்லை.

முப்பத்தெட்டும் ஆறும் நாற்பத்து நான்கு. அதுதான் என்னை உறுத்தியது. அரிசி ஆலைக் கிட்டங்கியை விட்டு ஒரு மூட்டை வெளியே போனால் அது ஏதாவது ஒரு லாரியில் இருந்தாக வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு மூட்டைகூடக் காற்றில் கரைந்ததில்லை. இந்த நாற்பத்து நான்கும் எங்கே இறங்கின?

பதிலைக் கொண்டுவந்தவன் கார்த்திகைச்சாமி. அவன் எதையும் செல்போனில் பார்த்துவிட்டுத்தான் நம்புவான். அன்று சாயங்காலம் டீக்கடையில் மானாமதுரை ஆள் ஒருவர் நொண்டிக்கொண்டு வந்தார். அவரிடம் இவன், அண்ணே, நடந்து முடிச்சதும் கெண்டைக்காலைக் கீழிருந்து மேலாக நீவணும், மேலிருந்து கீழாக நீவக் கூடாது, யூடியூப்ல ஒரு டாக்டரே சொல்லியிருக்காரு என்றான். அந்த ஆள் காலை உதறிப் பார்த்துவிட்டு, அட, போயிருச்சே என்று சிரித்தார். இவன் பெஞ்சில் உட்கார்ந்து ஐயோ என்றான்.

“மாமா, எனக்கு வந்திருச்சு. பெருவிரலுக்குக் கீழ. அவருக்கு இருந்த அதே இடம்!”

“ஓசியில பாடம் எடுத்தேல்ல, அதுக்குச் சம்பளம்” என்றான் முத்துக்கருப்பன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கிறவர் காலுக்கு அது போகிறது. அப்படியானால் நாற்பத்து நான்கும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. ஆனால் அந்த ஆள் நொண்டவில்லை, முனகவில்லை, எல்லாருக்கும் முன்னால் விறுவிறுவென்று நடக்கிறாள். இதை நான் அன்றே கேட்டிருக்க வேண்டும். குருசாமியிடம் போய்க் காலைக் காட்டு என்று எப்படிக் கேட்பது என்ற கூச்சத்தில் மறுநாள் காலை ஆறு மணியிலிருந்து பதினொன்றுவரை வாயைத் திறக்காமல் நடந்தேன். அந்த நேரத்தில் அவள் நடந்தது பத்தொன்பது கிலோமீட்டர். அந்தப் பத்தொன்பதும் என் கணக்கு.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால், ரோட்டோரமாக ஒரு சிமெண்டுத் தளத்தில் அன்னதானப் பந்தலும் அதை ஒட்டி அரசு மருத்துவ முகாமும் போட்டிருந்தார்கள். பஞ்சவர்ணம் முதலில் ஏறி நின்று, வாங்க வாங்க, காலைக் காட்டுங்க என்று கை தட்டினாள். அவள் நகர்ந்த இடத்தில் தளத்தில் ஈரம் இருந்தது. வலது குதிகால் பட்ட இடங்களில் மட்டும் மூன்று ஈரத் திட்டு. அவள் தண்ணீரில் மிதித்திருக்கவில்லை. அந்தப் பக்கம் தண்ணீரே இல்லை.

“பஞ்சவர்ணம்” என்றேன். “உன் காலைக் காட்டு.”

தட்டில் சோறு வாங்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நான் பொதுவில் ஒரு வாக்கியம் பேசுவதே அபூர்வம்.

“என்னண்ணே பேசுறீங்க. குருசாமி காலைப் பாக்குறதா?”

“என்னோடது மூணு அதுல இருக்கு. அது எப்படி இருக்குன்னு பாக்கணும்.”

“நல்லாத்தாண்ணே இருக்கேன். எனக்கு ஒரு வலியும் இல்ல.”

அப்போதுதான் தனபாக்கியம் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். “வலி இருக்காது மாமா! அவுகளுக்குச் சர்க்கரை! காலு ரெண்டும் மரத்துப்போயி ஒரு வருஷமாச்சு! புண்ணு வந்தா காலு போயிரும்னு டாக்டர் சொன்னாரு! சத்தியம் வாங்கிட்டாக, நான் என்ன செய்வேன்!”

பஞ்சவர்ணம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தளத்தில் உட்கார்ந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலை மடக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, திரும்பி எங்களைப் பார்த்து உட்கார்ந்து இரண்டு காலையும் நீட்டினாள்.

 சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இடமில்லாமல் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி, விரல் இடுக்கிலும் குழியிலும் விளிம்பிலும், சிறிதும் பெரிதுமாக எங்கள் கொப்புளங்கள் எல்லாம் அங்கே இருந்தன. அவரவர் அவரவருடையதை அடையாளம் கண்டார்கள். நான் குனிந்து இரண்டு தடவை எண்ணினேன். இரண்டு தடவையும் நாற்பத்தைந்து வந்தது. ஒன்று அவளுடைய சொந்தம். வலது குதிகாலில் ஒன்று உடைந்து கசிந்துகொண்டிருந்தது.

முகாமிலிருந்து நர்ஸ் ஓடி வந்தாள். மேரி புஷ்பம் என்று பெயர், முப்பது வயதுக்குள் இருக்கும். உடைந்ததைக் கழுவி மருந்து வைத்துக்கொண்டே, “ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதும்மா. இதுல பாதி உடைஞ்சாக்கூட காலைக் காப்பாத்துறது கஷ்டம். ஆம்புலன்சுக்குச் சொல்லிட்டேன், கூட்டத்துல நுழைஞ்சு வர ஒரு மணி நேரம் ஆகும்” என்றாள். மணி பதினொன்று பத்து.

“உடையாமப் பாத்துக்கலாம்ல?” என்றான் வீரணன்.

“ஒன்னு மேல ஒன்னு இருக்குண்ணே. வண்டி ஆடுற ஆட்டத்துலயே உடையும்.”

பஞ்சவர்ணம் தன் காலையே வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இம்புட்டா?” என்றாள் மெதுவாக. பிறகு, “நல்லவேளை சுகந்திக்கு இல்ல” என்றாள்.

வழி ஒன்றுதான் இருந்தது, அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்றை அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். நாற்பத்தைந்து சேதி வேண்டும், ஒரு மணி நேரத்தில். ஆனால் நடையைப் பற்றி எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் சொன்னதுதான்.

கார்த்திகைச்சாமி செல்போனைத் தேய்த்துத் தேய்த்து வாசித்தான். தெரியும் என்றாள். தெரியும். அதுவும் தெரியும், அது தப்பும்கூட என்றாள். இருளாண்டி, பையைத் தோள் மாற்றும்போது கரண்டுக் கம்பத்தை எண்ணி மாற்ற வேண்டும் என்றார். நான்தான உங்களுக்குச் சொன்னேன் என்றாள். ஒன்றும் நகரவில்லை. பத்து நிமிஷம் அப்படியே போனது. சோறு பரிமாறுகிறவர்கள் கரண்டியோடு வந்து நின்றார்கள்.

சுகந்திதான் ஆரம்பித்தாள். “எனக்கு நடக்கத் தெரியாதுக்கா. நிக்கத்தான் தெரியும்” என்றாள் விசும்பிக்கொண்டே. “கடையில பன்னெண்டு மணி நேரம் நிக்கணும். உக்காந்தா சூப்பர்வைசர் திட்டுவாரு. நாங்க கவுண்டருக்கு அடியில ஒரு செருப்பக் கழட்டிட்டு, அந்தக் காலுப் பெருவிரலைக் கட்டையில அழுத்தி அழுத்தி விடுவோம். ஒரு சேலை பிரிச்சு மடிக்கிற வரைக்கும் ஒரு காலு, அடுத்த சேலைக்கு அடுத்த காலு. கெண்டைக்காலு வீங்காது. மேல இருந்து பாத்தா ஒன்னும் தெரியாது.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்த்தா” என்றாள் பஞ்சவர்ணம்.

சுகந்தி ஆ என்று காலைத் தூக்கினாள். பழைய புளியங்கொட்டை அவள் குதிகாலில் திரும்ப உட்கார்ந்திருந்தது.

முத்துக்கருப்பன்தான் முதலில் சிரித்தான். “அக்கா, நீங்க பொய் சொல்லலாம். கொப்புளம் சொல்லாதுக்கா!”

பஞ்சவர்ணத்துக்கு வெட்கம் வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பந்தல் முழுக்கச் சிரித்தது. நான், “நாற்பத்து நான்கு” என்றேன் சத்தமாக.

அதற்குப் பிறகு யாரும் நடையைப் பற்றிப் பேசவில்லை. நல்லதம்பி சொன்னான், புரோட்டாக் கல்லுக்கு முன்னால் நிற்கும்போது ஒரு செங்கல் வைத்து ஒரு காலை அதன்மேல் ஏற்றிக்கொள்வோம், பத்து புரோட்டாவுக்கு ஒரு தடவை கால் மாற்றுவோம், இடுப்பு பிடிக்காது என்றான். முத்துக்கருப்பன் சொன்னான், வளைவில் கம்பியைப் பிடித்தால் கைதான் வலிக்கும், டிரைவர் தோளைப் பார்க்கணும், தோள் சாய்ந்த பிறகுதான் வண்டி சாயும், தோளோடு நாமும் சாய்ந்துவிட்டால் காலுக்கு வேலையே இல்லை என்றான். வீரணன் சொன்னான், சாரத்தில் ஏறும்போது மூங்கிலை விரலால் கவ்வக் கூடாது, பாதத்தின் நடுக்குழியில் வாங்கணும், விரல் பயப்படும், குழி பயப்படாது என்றான். இருளாண்டி கூச்சத்தோடு, நாய் குரைத்துக்கொண்டு வந்தால் அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது தாயி, பையை நடுவில் விட்டு ஒருக்களித்து நிற்கணும், அது பையோடு பேசிவிட்டுப் போய்விடும் என்றார். ஒவ்வொரு சேதிக்கும் பஞ்சவர்ணம் வாயைப் பிளந்துகொண்டு, அப்படியா, அப்படியாப்பா என்றாள். ஒவ்வொரு அப்படியாவுக்கும் ஒருவர் காலைத் தூக்கிக்கொண்டு கத்தினார், நான் ஒன்று குறைத்துச் சொன்னேன், பந்தலில் இருந்தவர்கள் அரோகரா போட்டார்கள்.

தனபாக்கியம் கடைசியில்தான் வந்தாள். சத்தியத்தை மீறிய குற்ற உணர்வில் தூணோரம் நின்றிருந்தாள்.

“படுத்த படுக்கையா இருக்கவுகளுக்குக் குதிகால்லதான்க்கா முதல்ல புண்ணு வரும். கெண்டைக்காலுக்கு அடியில தலகாணி வச்சு, குதிகாலு அந்தரத்துல நிக்கிற மாதிரி விட்டுறணும். மெத்தையில படவே கூடாது. என் வீட்டுக்காரருக்கு மூணு வருஷமா அப்படித்தான் வச்சுருக்கேன். ஒரு புண்ணு இல்ல.”

பஞ்சவர்ணம் அவள் பக்கம் திரும்பினாள். “மூணு வருஷமா ஒரே சுவரு நமக்கு. இதை ஏண்டி என்கிட்டச் சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையேக்கா. நீங்கதான சொல்லுவீங்க.”

“அதுவும் சரிதான்” என்றாள் பஞ்சவர்ணம். தனபாக்கியம் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு அழுது சிரித்தாள்.

என் முறை வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூட்டையைத் தூக்கும்போது மூச்சை இழுக்காமல் விட வேண்டும் என்றேன். லாரிக்குப் போட்ட பலகையில் நடுவில் நிற்கக் கூடாது, பலகை மேலே எழும்பும்போது அடி வைத்தால் அதுவே நம்மைத் தூக்கிவிடும் என்றேன். எண்ணும்போது ஒன்று என்று ஆரம்பிக்காமல் மூட்டைக்கு ஒரு ஆள் பெயர் சொல்லிக்கொண்டே போனால் மதியத் தூக்கத்திலும் தப்பாது என்றேன். மூன்றும் வந்து என் பழைய இடங்களிலேயே உட்கார்ந்தன. நல்ல வலி. இரண்டு நாள் கழித்துப் பார்த்த வலி.

கார்த்திகைச்சாமி பாவம், யூடியூப் முழுக்கத் தேடிக் களைத்துப்போய்ச் செல்போனைத் தரையில் வைத்தான். வைத்தவன், “அக்கா, இதத் தரையில இப்படி மல்லாக்கப் போட்டு, செல்ஃபி கேமராவத் திறந்து, அதுக்கு மேல காலை நீட்டுனா உங்க உள்ளங்காலை நீங்களே தினமும் பாத்துக்கலாம்” என்றான். அது ஒன்றுதான் அவன் சொந்தமாகச் சொன்னது. அதற்குக் கிடைத்ததும் ஒன்றுதான். “யூடியூப்ல இல்லாத சரக்கு!” என்று முத்துக்கருப்பன் அவன் முதுகில் அடித்தான்.

நர்ஸ் மேரி புஷ்பமும் விடவில்லை. காலில் ஊற்றும் தண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்க்க வேண்டும், விரல் இடுக்கில் ஈரம் தங்கக் கூடாது, நகத்தை வளைவாக வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும் என்று மூன்று சேதி சொல்லி, மூன்றை வாங்கிக்கொண்டு, நொண்டியபடியே போய் ரிஜிஸ்டரில் எழுதினாள். தேவகோட்டைக்காரர்கள் ஆறு பேரும் அரை கிலோமீட்டர் முன்னால் போனவர்கள், சேதி கேட்டுத் திரும்பி வந்தார்கள். அதில் ஒருவர் தென்னை ஏறுகிறவர், ஒருவர் வயல் நாற்று நடுகிற அம்மாள், ஒருவர் திருவிழாவில் பொய்க்கால் குதிரை ஆடுகிறவர். ஆளுக்கு ஒன்று சொல்லி, ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்டு வந்தவர்கள்போல இல்லை, மொய் செய்ய வந்தவர்கள்போல வந்தார்கள்.

மணி பன்னிரண்டே கால். ஆம்புலன்சின் சத்தம் கேட்டது. நான் குனிந்து பார்த்தேன். உடைந்த ஒன்று யாரிடமும் போகாமல் கட்டுக்குள் இருந்தது. அதைத் தவிர இன்னும் ஒன்று, சுண்டுவிரல் ஓரத்தில், சிறியது.

“அதையும் நான் வாங்கிக்கிறேன்க்கா” என்றாள் சுகந்தி. “சேலையக் கசங்காம மடிக்கிறது எப்படின்னு சொல்றேன்.”

“வேணாம்த்தா” என்றாள் பஞ்சவர்ணம். “அது என்னோடது. முதல் நாளே சிங்கம்புணரியில வந்தது. அதை விடு.”

வண்டியில் தனபாக்கியமும் ஏறிக்கொண்டாள். ஏறுமுன் ஏழு பேரும் பஞ்சவர்ணத்தின் காலைத் தொடக் குனிந்தோம். அவள் காலை இழுத்துக்கொண்டாள். “தொட்டது போதும். இனிமே பாருங்க” என்றாள். “மத்தியானம் நிக்கிற இடத்துல நீங்களும் மாத்தி மாத்திப் பாத்துக்கங்கப்பா. வெள்ளைக் கோட்டை விட்டு இறங்காதீங்க.”

“தெரியும்க்கா!” என்று ஏழு பேரும் ஒரே குரலில் கத்தினோம்.

பிறகு ஏழு பேர் நடந்தோம். அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. ஒருவர் இடது பக்கம் சாய, ஒருவர் வலது பக்கம் சாய, ஒருவர் குதிகாலைத் தூக்கிக்கொண்டும் ஒருவர் விரலைத் தூக்கிக்கொண்டும், காவடி ஆட்டம்போல ரோட்டோரம் முழுக்க ஆடிக்கொண்டு போனோம். நல்லதம்பி பாட்டுப் பாடினான். வலிக்கிறது, வலிக்கிறது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு சிரித்தோம். வலிக்கிற காலெல்லாம் தப்பித்த கால் என்று அன்றைக்கு எங்களுக்குத் தோன்றியது. சுகந்தி ஏழு, வீரணன் ஆறு, நல்லதம்பி ஐந்து, முத்துக்கருப்பன் ஐந்து, இருளாண்டி நான்கு, நான் மூன்று, கார்த்திகைச்சாமிக்குச் செல்ஃபிக்கு ஒன்று, மானாமதுரைக்காரருடையது தனி. வண்டியில் போன தனபாக்கியத்திடம் மூன்று, நர்சிடம் மூன்று, தேவகோட்டையில் ஆறு. பழையபடி எல்லாம் ஏதாவது ஒரு லாரியில் இருந்தன.

மூன்று மணிக்குக் கார்த்திகைச்சாமியின் செல்போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான். ஏழு பேரும் வெள்ளைக் கோட்டின்மேல் வரிசையாக நின்றோம்.

“டாக்டர் பாத்துட்டாரு மாமா” என்றாள் தனபாக்கியம். அவள் குரல் தெளிந்திருந்தது. “கட்டு மாத்தி ஊசி போட்டுருக்காங்க. ரெண்டு வாரம் காலைக் கீழ ஊனக் கூடாதாம், தினமும் கட்டு மாத்தணுமாம். காலுக்கு ஒன்னும் பயமில்லயாம். என்னடா இது, நாப்பத்தஞ்சுன்னு சொன்னாங்க, இம்புட்டுத்தானான்னு கேக்குறாரு.”

“பக்கத்துல இருக்காளா?”

“இருக்காக. குதிகாலு மெத்தையில படாம தலகாணி வச்சுருக்கேன். இங்க ஆஸ்பத்திரி நர்சுக்கு அதச் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருக்காக, நான் சொன்னதுன்னு சொல்லாம.”

“சரி, எண்ணிச் சொல்லு” என்றேன்.

“நீங்க விடமாட்டீகளே மாமா” என்றாள். துணி விலகும் சத்தம் கேட்டது, பஞ்சவர்ணம் ஏதோ திட்டும் சத்தம் கேட்டது, பிறகு இருவரும் சேர்ந்து ஒவ்வொன்றாக எண்ணும் சத்தம் கேட்டது. எண்ண அதிக நேரம் பிடிக்கவில்லை.

மீதி இரண்டு.